மறு: மின்வழங்கல் திட்டத்தில் ‘ஓவர்சைட்’ – கண்காணிப்பா, மேலாய்வா?

வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் குடியிருப்போர் கூட்டத்துக்காக மின்கட்டண விளக்கத்தாள் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற சொற்கள் எல்லாம் அமைந்துவிட்டன, மின்வழங்கல் திட்டமிடலில் அரசு செய்யும் ஓவர்சைட்டுக்கு (oversight) எந்தத் தமிழ்ச்சொல் என்பதில் மட்டும்தான் இழுபறி. ‘கண்காணிப்பு’ என்றே போடலாம், மக்களுக்குப் பழகிய சொல் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். பழகிய சொல்தான், ஆனால் இந்த இடத்தில் அது பொருளைக் கெடுக்கிறது.

கண்காணிப்பது நடந்துகொண்டிருக்கும் வேலையை. தோட்டத்துக் கங்காணியை நம் ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. என்ன வேலை, எவ்வளவு என்று முடிவு செய்தவர் தோட்ட நிர்வாகியான துரை, ஆட்களை நிறுத்தி வேலை வாங்கியவர்தான் கங்காணி. மின் திட்டத்தில் அரசு பார்க்க வேண்டியதோ இன்னும் நடக்காததை. பத்து ஆண்டு கழித்துத் தேவை எவ்வளவு இருக்கும் என்ற கணிப்பு சரியா, ஜொகூரில் வரும் தரவு மையங்கள் கேட்கும் அளவுக்கு உண்மையிலேயே மின்சாரம் இழுக்குமா, பழைய நிலக்கரி நிலையத்தை மூடினால் அந்த இடத்தை எது நிரப்பும், உச்சத் தேவைக்கு மேல் எவ்வளவு உற்பத்தித் திறனைக் கையிருப்பில் வைப்பது என்றெல்லாம் திட்டம் போட்டவரிடமே கேட்டு, கணக்கை வாங்கிப் பார்த்து, ஒப்புதல் தரவோ திருப்பி அனுப்பவோ அதிகாரம் உள்ள வேலை அது.

1996 ஆகஸ்டு 3 மின்தடையை இந்த உரையாடலில் ஒருவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். அது திரங்கானுவின் பாக்கா பக்கம் தொடங்கித் தீபகற்பம் முழுக்கப் பரவிய கோளாறு, அந்த நேரத்து இயக்கம் சம்பந்தப்பட்டது. அங்கே கண்காணிப்பு என்று தாராளமாகச் சொல்லலாம்.

சரி, இது சாதாரண வீட்டுக்காரருக்கு எதற்கு என்றால், 2025 ஜூலை முதல் வரும் பில்லை எடுத்துப் பாருங்கள். மாதம் 1,500 யூனிட் வரை போகும் வீட்டுக்கு யூனிட்டுக்கு ஆற்றல் கட்டணம் 27.03 சென், அதன் கீழே திறன் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென். அந்தத் திறன் கட்டணம், மின்நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு நாம் கொடுக்கும் காசு. தேவைக்கு மேல் நிலையங்களைக் கட்டத் திட்டம் போட்டுவிட்டால் அவை ஓடாவிட்டாலும் அந்தச் செலவு யார் தலையிலாவது விழத்தான் செய்யும். குறைவாகப் போட்டால் விளக்கு அணையும். இதைக் கேள்வி கேட்கும் வேலைக்கு வலுவான சொல் வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

என் பரிந்துரை ‘மேலாய்வு’. மேற்கொண்டு செய்யும் ஆய்வு என்று அர்த்தமாகிவிடாதா என்று பினாங்கு அக்கா கேட்டிருந்தார். மேல்முறையீடு என்றால் யாரும் இன்னொரு முறையீடு என்று நினைப்பதில்லையே, மேலே அதிகாரம் உள்ள இடத்துக்குப் போவது என்று புரிந்துகொள்கிறோம். இதுவும் அப்படிப் படிந்துவிடும். ‘மேற்பார்வை’ வேண்டாம், கட்டுமான இடத்து சூப்பர்வைசர்தான் நினைவுக்கு வருகிறார். ‘ஒழுங்குமுறை’ உரிமம், கட்டணம், தரம் எல்லாவற்றுக்கும் பொதுவானது, அதை இதற்காகச் சுருக்கக் கூடாது.

அப்புறம், எந்தப் பகுதியின் திட்டம் என்று காட்டும் முன்னொட்டு. ‘வட்டார’ என்று போட்டால் இங்கே பட்டர்வொர்த் வட்டாரம், கிள்ளான் வட்டாரம் என்று சின்ன இடமாகிவிடும். தீபகற்பம், சபா, சரவாக் மூன்றுக்கும் தனித்தனி மின்வழங்கல், பொறுப்பும் ஒரே கையில் இல்லை. தீபகற்பத்துக்கு எரிசக்தி ஆணையம், சரவாக்குக்கு மாநிலத்தின் சொந்தச் சட்டம், சபாவில் 2024 ஜனவரி 3 முதல் மாநிலத்தின் தனி ஆணையம். அதனால் ‘மண்டல மின்வழங்கல் திட்ட மேலாய்வு’ என்று வைக்கலாம். வினையாக வரும்போது: “சபாவின் மின்வழங்கல் திட்டத்தை இப்போது மாநில ஆணையம் மேலாய்வு செய்கிறது.”

இந்த வாக்கியம் யாருக்காவது இடறினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள், தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.