பழைய கேம் டிஸ்க்ல ஊசி குத்துன மாதிரி ஓட்டை தெரியுது, அரிக்க ஆரம்பிச்சிடுச்சா?

தூசிதட்டி:
எல்லாருக்கும் வணக்கம், இத்தனை நாளா படிக்கிறதோட சரி, முதல் தடவையா ஒரு கேள்வி. பரண்ல அட்டைப்பெட்டியில கெடந்த பழைய கேம் டிஸ்க் ஒரு நாப்பது இருக்கும், பிளேஸ்டேஷன் 1, 2, சேகா சாட்டர்ன், கொஞ்சம் கம்ப்யூட்டர் கேம், பன்னெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் கீழ இறக்கினேன். சும்மா இல்லாம ஒரு சாட்டர்ன் டிஸ்க்கை லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சேன், ஊசியால குத்துன மாதிரி ஏழெட்டுப் புள்ளியில வெளிச்சம் தெரியுது. அன்னையிலேர்ந்து தூக்கமே இல்ல. இன்னொரு பிளேஸ்டேஷன் 1 கேம் ஆரம்பத்துல நல்லா ஓடுது, ஆனா நடுவுல வீடியோ வர்ற இடத்துல திக்கித் திக்கி நிக்குது. ரெண்டு டிஸ்க் வர்ற தடிமனான கேஸ் ஒண்ணுல உள்ள வெச்சிருந்த பஞ்சு மாதிரி ஃபோம் மக்கிப்போய் டிஸ்க் மேல ஒட்டிக்கிச்சு. போதாததுக்கு ஒரு டிஸ்க்ல நடு ஓட்டையச் சுத்தி முடி மாதிரி விரிசல் வேற. இதுல எது செத்துப்போச்சு, எதைக் காப்பாத்தலாம், இனிமே எப்படி வெக்கணும்?

நைட்ஷிப்ட்:
நண்பா மொதல்ல டிஸ்க்கைச் சந்தேகப்படறத விடுங்க, மெஷினப் பாருங்க. அந்தக் காலத்து பிளேஸ்டேஷன் 1 ஆரம்ப மாடல்ல லென்ஸ் நகர்ற பிளாஸ்டிக் தேஞ்சுபோகும், அதனாலதான் நாங்கெல்லாம் கன்சோலத் தலைகீழா கவுத்து வெச்சு விளையாடிட்டிருந்தோம். வீடியோவுல திக்குறது அதோட முதல் அறிகுறி, ஏன்னா கேம் லோட் ஆகும்போது ஒரு இடம் சரியாப் படிக்கலன்னா திரும்பப் போய்ப் படிச்சுக்கும், நமக்கு ரெண்டு செகண்ட் லேட்டாத் தெரியும் அவ்ளோதான், வீடியோ ஓடிட்டே இருக்கும்போது திரும்பப் போக நேரம் கிடையாது. வேற நாலு டிஸ்க் போட்டுப் பாருங்க, அதுவும் வீடியோவுல திக்குச்சுன்னா டிஸ்க் மேல பழி போடாதீங்க.

பிக்சல்பூனை:
ஓட்டை விஷயத்துக்கு நான் வர்றேன், இதுல நெறைய பேர் தேவையில்லாம பயப்படுறாங்க.

ஒரு சிடி மொத்தமே 1.2 மில்லிமீட்டர் தடிமன், அதுல கிட்டத்தட்ட முழுசும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான். டேட்டா குழி, அதாவது லேசர் படிக்கிற நுண்ணிய பள்ளங்க, இருக்கறது கீழ பளபளன்னு தெரியுதே அந்தப் பக்கத்துல இல்ல, மேல, படம் அச்சடிச்ச பக்கத்துக்கு ஒட்டினாப்ல. குழி மேல அலுமினியப் பூச்சு, அதுமேல பேப்பரை விட மெல்லிசா லாக்கர்ங்கற வார்னிஷ் மாதிரி பூச்சு, அதுமேல படம், முடிஞ்சது. அதனால கீழ கீறல் விழுந்தா பாலிஷ் போட்டுத் தேத்தலாம், படத்துப் பக்கம் கீறுனா டேட்டாவே உரிஞ்சு வந்துரும். நாம என்னடான்னா கீழ்ப்பக்கத்தப் பூ மாதிரி பாத்துக்கிட்டு டிஸ்க்க மேல்பக்கமா டேபிள்ல கவுத்து வெப்போம். டிவிடி பரவால்ல, 0.6 மில்லிமீட்டர்ல ரெண்டு தட்டை ஒட்டி டேட்டாவ நடுவுல வெச்சிருப்பாங்க. புளூரேல கீழ்ப்பரப்புலேர்ந்து வெறும் 0.1 மில்லிமீட்டர்லயே டேட்டா, அதுக்காகத்தான் அந்தப் பரப்புக்கு கெட்டியான பூச்சு குடுத்திருக்காங்க, அதுக்கு பாலிஷ் மெஷின் பக்கமே போகக் கூடாது.

நெஜமான அரிப்புன்னா லாக்கர் வழியாவோ ஓரம் வழியாவோ காத்தும் ஈரமும் உள்ள போய் அலுமினியம் ஆக்சைடா மாறும், அந்த இடத்துல லேசர் பட்டா திரும்பி வராது. பிரிட்டன்ல பிளாக்பர்ன்ல இருந்த பிடிஓங்கற சிடி தொழிற்சாலையில 1988லேர்ந்து 1993 வரைக்கும் அச்சடிச்ச பாட்டு சிடிங்க ஓரத்துலேர்ந்து உள்ள வரைக்கும் வெண்கலக் கலர்ல மாறிப் போனது இதுக்குப் பேர் போன கதை, லாக்கர் சரியில்ல, அட்டையில இருந்த கந்தகம் பூந்து வெளையாடிருச்சு. உங்க டிஸ்க்ல அப்படி ஓரத்துலேர்ந்து கலர் மாறுதா, மேகம் மாதிரி படர்ந்திருக்கா? இல்லன்னா அந்தப் புள்ளிங்க ஃபேக்டரியில பூச்சு போடும்போதே விட்டுப்போனதா இருக்கலாம், புது டிஸ்க்லயே அப்படி இருக்கும், யாரும் லைட்டுல தூக்கிப் பாக்கறதில்ல. சிடியோட பிழைதிருத்தம் ஒரே இடத்துல சுமார் 4000 பிட் போனாலும் சரி பண்ணிக்கும், டேட்டா சுருளா ஓடற கோடான ட்ராக்ல அளந்தா ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர். ஊசி ஓட்டை அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. இப்ப ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அடுத்த வருஷம் அதே புள்ளி பெருசாச்சான்னு பாருங்க.

ஜாய்ஸ்டிக்பாய்:
பேஸ்ட் போட்டுத் தேச்சா சரியாயிடும் ப்ரோ, நான் சின்ன வயசுல பண்ணிருக்கேன்

பிக்சல்பூனை:
@ஜாய்ஸ்டிக்பாய் பேஸ்ட்ங்கறது உப்புத்தாள் மாதிரிதான், லேசான கீறலுக்கு ஏதோ பலன் இருக்கலாம், ஆனா இவர் கேக்கறது மேல்பக்கப் பிரச்சினை, அங்க தேச்சா சோலி முடிஞ்சது. தொடைக்கறதுன்னாலும் நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா இழுக்கணும், வட்டமா தேக்கக் கூடாது, வட்டக் கீறல் ட்ராக் கூடவே ஓடும், பிழைதிருத்தம் திணறிடும்.

பழையசரக்கு:
எல்லாரும் கண்ணால பாத்தே பேசறீங்களேப்பா. கண்ணு இதுல சாட்சி சொல்லாது, படிச்சுப் பாக்கறதுதான் சாட்சி. கம்ப்யூட்டர் டிரைவ்ல போட்டு இமேஜ், அதாவது டிஸ்க்கோட முழு நகல் ஃபைல் எடுத்து, அதோட ஹேஷை (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) கேம் டிஸ்க் ஹேஷ்களைத் தொகுத்து வெச்சிருக்கற ரீடம்ப் தளத்துல இருக்கறதோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒத்துப்போச்சுன்னா ஒரு பிட் கூடப் போகலன்னு அர்த்தம், ஓட்டை ஏழு இருந்தா என்ன எழுபது இருந்தா என்ன. வெறும் ஐஎஸ்ஓவா எடுக்காதீங்க, அதுல செக்டருக்கு (டிஸ்க்ல டேட்டாவப் பிரிச்சு வெச்சிருக்கற துண்டு) 2048 பைட்தான் வரும், சாட்டர்ன்லயும் பிளேஸ்டேஷன் 1லயும் பல கேமோட பாட்டு சிடி ஆடியோ ட்ராக்கா தனியா கெடக்கும், அது மொத்தமும் விட்டுப்போயிடும், பின்-க்யூவா (டேட்டாவுக்கு ஒரு பின் ஃபைல், ட்ராக் விவரத்துக்கு ஒரு க்யூ ஃபைல்) முழு 2352 பைட்டும் எடுங்க. நிண்டெண்டோ கேம்கியூப் டிஸ்க் இருந்தா சாதா டிரைவ் தொடாது, நிண்டெண்டோவோட பழைய வீ மெஷின்ல கிளீன்ரிப்ங்கற சாஃப்ட்வேர் போட்டுத்தான் எடுக்கணும்.

விரிசல் விட்ட டிஸ்க்கைக் கன்சோல்லயும் போடாதீங்க, வேகமான டிரைவ்லயும் போடாதீங்க, 52எக்ஸ் டிரைவ் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்து கிட்ட சுத்தும், உள்ள வெடிச்சா டிரைவும் போச்சு. டேட்டா நடுப்புள்ளியிலேர்ந்து 25 மில்லிமீட்டர் தள்ளித்தான் ஆரம்பிக்குது, விரிசல் கண்ணாடி மாதிரி இருக்கற உள்வளையத்தோட நின்னிருந்தா வேகத்த 4எக்ஸ்க்குக் குறைச்சு ஒரே ஒரு தடவை எடுத்துட்டு டிஸ்க்குக்கு ஓய்வு குடுத்துருங்க. விரிசல் வர்றதுக்குக் காரணமே நாமதான், நடுவுல இருக்கற பல்ல அமுக்காம ஓரத்தப் பிடிச்சு வில்லு மாதிரி வளைச்சுப் பிடுங்கறோம்.

நைட்ஷிப்ட்:
@பழையசரக்கு பெரியவரே ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், ஹேஷ் ஒத்துப்போறது இன்னைக்குப் படிக்குதுன்னு மட்டும்தான் சொல்லும். பிழைதிருத்தம் எவ்ளோ மூச்சுமுட்டி அதைப் படிச்சுதுன்னு தெரியணும்னா சி1, சி2 பிழை எண்ணிக்கை (பிழைதிருத்தத்தோட ரெண்டு கட்டம், சி2தான் மோசமானது) காட்டற டிரைவ் வேணும். சி2 வந்துச்சுன்னா அந்த டிஸ்க்தான் முதல்ல காப்பி எடுக்க வேண்டியது.

அந்த ஃபோமைக் கத்தி வெச்சுச் சுரண்டாதீங்க, சுரண்டுனா அலுமினியமும் சேந்து வந்துரும். கையில தானா உதிர்றத மட்டும் எடுங்க, அசிட்டோன், தின்னர் எதுவும் வேணாம், பாலிகார்பனேட்டே கரைஞ்சுரும். மத்த கேஸ்லயும் ஃபோம் இருந்தா இன்னைக்கே பிடுங்கிப் போடுங்க.

பழையசரக்கு:
வெக்கற விதம் கேட்டீங்கல்ல. பரண் வேணவே வேணாம், கூரைச் சூடு முழுக்க அங்கதான் எறங்கும். அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2003ல போட்ட வழிகாட்டியில நீண்ட நாளைக்கு 4லேர்ந்து 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 20லேர்ந்து 50 சதவீதம்னு இருக்கு. அந்தக் குளிர்ச்சி வீட்டுல நடக்கற காரியமில்ல, ஆனா சூடு ஏறி எறங்கறதக் குறைக்கலாம், வெயில் படாத உள்ரூம் அலமாரி போதும், கூட சிலிக்கா ஜெல் போடுங்க. அவங்கவங்க கேஸ்ல புத்தகம் மாதிரி நிக்க வெச்சு அடுக்குங்க, படுக்கப் போட்டா வளையும். பிவிசி பை இருக்கற வாலட்ல நாலு டிஸ்க்கைத் திணிக்கிற பழக்கம் இருந்தா விட்டுருங்க, உள்ள மணல் பூந்துதுன்னா ஒவ்வொரு தடவ உருவும்போதும் கீறும்.

தூசிதட்டி:
அப்டேட் போடறேன். சாட்டர்ன் டிஸ்க் ஹேஷ் அப்படியே ஒத்துப்போச்சு!! ஏழு ஓட்டையும் இருந்துட்டுப் போகட்டும். வீடியோ திக்குன பிளேஸ்டேஷன் டிஸ்க்கும் கம்ப்யூட்டர்ல சுத்தமா வந்துச்சு, அப்ப லென்ஸ்தான், நைட்ஷிப்ட் சொன்னது சரி. விரிசல் டிஸ்க்கை 4எக்ஸ்ல மூச்சப் பிடிச்சுட்டு எடுத்தேன், வந்துருச்சு. ஃபோம் ஒட்டுனது மட்டும் போயிடுச்சு, அது ஒட்டுன இடத்துல அலுமினியமே இல்ல, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியுது.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த கேமுக்கு அப்பவே ஒரு காப்பி சிடி-ஆர்ல (நாமளே எழுதிக்கிற வெத்து சிடி) எழுதி ஜன்னல் ஓரத்துல வெச்சிருந்தேன், ஒரு கீறல் கிடையாது, பாக்க புதுசாட்டம் இருக்கு, டிரைவ் அதுல டிஸ்க்கே இல்லங்குது.

பழையசரக்கு:
சிடி-ஆர்ல இருக்கறது குழி இல்லப்பா, சாயம். ஜன்னல் வெயில்ல வெளுத்திருக்கும். வேற பிராண்ட் டிரைவ் ரெண்டு மூணுல போட்டுப் பாருங்க, சிலது மங்குன சாயத்தையும் படிச்சுரும், படிச்சா நிறுத்தாம அப்பவே இமேஜ் எடுத்துருங்க.