ஹோம் ஃபோல்டரிலிருந்தே வலைப்பக்கம்: யூசர்டிர் போதுமா, ஆபத்தா?

முனையம்: கல்லூரி ஆய்வகத்து உபுண்டு செர்வரில் மாணவருக்கு ஆளுக்கொரு பக்கம் தர, வலைச் செர்வர் மென்பொருளான அப்பாச்சியில் அவரவர் ஹோம் ஃபோல்டரிலிருந்தே பக்கம் காட்டும் யூசர்டிர் வசதி போதும். 'ஏ2என்மாட் யூசர்டிர்', ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். ஹோமுக்குள் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டர் இருந்தால் /~பெயர்/ முகவரியில் பக்கம் வந்து நிற்கும்.

பூட்டுசாவி: வராதுங்க, 'அனுமதி இல்லை' என்ற 403 பிழைதான் வரும். உபுண்டு 21.04 முதல் புதுக் கணக்கின் ஹோம் அனுமதி 750: உரியவருக்கு எல்லாம், குழுவுக்குப் படிக்கவும் நுழையவும், பிறருக்கு ஒன்றுமில்லை. அப்பாச்சி ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனர் வாசலிலேயே நின்றுவிடும். எரர் லாகில், வழியில் நுழைய அனுமதி இல்லை என்ற ஏஎச்00035 விழும். உடனே பதற்றத்தில், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 அடிப்பார்கள். ஒரு பக்கத்துக்காக வீட்டையே திறந்துபோடுவானேன்?

முனையம்: 777 யார் கேட்டது? ஹோமுக்கு 711, பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு 755, கோப்புக்கு 644. ஃபோல்டரைக் கடந்துபோக, நுழைய விடும் எக்ஸ் பிட் மட்டும் போதும். எந்தப் படியில் அடைபட்டது என்று 'நேம்ஐ -எல்' வரி வரியாகக் காட்டிக்கொடுக்கும்.

பூட்டுசாவி: 711 பட்டியலைத்தான் மறைக்கும், கோப்பை அல்ல. புதுக் கோப்பின் அனுமதியைத் தீர்மானிக்கும் உமாஸ்க் வழக்கமான மதிப்பில் இருந்தால், கோப்புகள் பிறரும் படிக்கும்படியே உருவாகின்றன. 'லேப்1.சி' என்று ஊகிக்க என்ன பெரிய மூளை வேண்டும்? பக்கத்து சீட்டுக்காரர் 'கேட்' போட்டு அசைன்மென்ட்டைப் படித்துவிடுவார்.

ஓரத்திண்ணை: ஹோம் 750ஆகவே இருக்கட்டும். குறிப்பிட்ட ஒரு பயனருக்கு மட்டும் அனுமதி தரும் 'செட்எஃப்ஏசிஎல் -எம் யூ:டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா:எக்ஸ்' போட்டால் செர்வர் மட்டும் நுழையும். ஒரு கண்ணி உண்டு: பிறகு யாராவது 'சிஹெச்மாட் 700' அடித்தால் இப்படிக் கொடுத்த அனுமதிகளின் உச்சவரம்பான மாஸ்க் காலியாகி அந்த அனுமதி செத்துவிடும். அனுமதிகளைக் காட்டும் 'கெட்எஃப்ஏசிஎல்'லில் எக்ஸ் இருப்பதுபோலவே தெரியும். பக்கத்தில் 'எஃபெக்டிவ்' என்று மூன்று கோடு இருக்கிறதா பாருங்கள்.

பூட்டுசாவி: அதுவும் அரைப் பூட்டுதான். செர்வரிலேயே ஓடும் ஸ்கிரிப்ட் மொழியான பிஎச்பி ஓடினால் அதுவும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாகத்தான் ஓடும். ஒருவர் ஸ்கிரிப்ட் இன்னொருவர் ஹோமுக்குள் நுழைந்துவிடும்.

முனையம்: அப்பாச்சிக்குள் பிஎச்பியை ஓட்டும் மாட்-பிஎச்பியின் கட்டமைப்புக் கோப்பிலேயே பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள் பிஎச்பி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மாணவர் தம் ஃபோல்டரில் அமைப்புகளை மாற்றும் ஹெச்டிஅக்சஸ் கோப்பு எழுதியும் அதை மீற முடியாது. அந்த வரிகளை நீக்காமல் இருந்தால் போதும்.

பூட்டுசாவி: சரி, ஜாவாஸ்கிரிப்ட்? ~அ, ~ஆ இரண்டும் பிரவுசருக்கு ஒரே ஆரிஜின், அதாவது ஒரே தளம். ஒருவர் பக்கம் மற்றவரின் பக்கம் பிரவுசரில் சேமித்த லோக்கல்ஸ்டோரேஜைப் படிக்கலாம். லாகின் கேட்கும் எதையும் அந்த ஹோஸ்ட்பெயரில் வைக்கவே கூடாது. என் வழி இது: 'யூசர்டிர் /வர்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/யூசர்ஸ்' என்று மாற்றி, உள்ளே ஆளுக்கொரு ஃபோல்டரை 'சௌன்' கட்டளையால் அவரவர் பெயருக்கு உரிமை மாற்றி, ஹோமிலிருந்து ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி). முகவரி அதே ~பெயர். ஹோமைத் தொட வேண்டாம்.

ஓரத்திண்ணை: ஆளுக்கு இத்தனை இடம் என்ற கோட்டா /ஹோமில் மட்டும் இருந்தால் ஒரே மாணவர் /வர் முழுவதையும் நிரப்பிவிடுவார். அப்புறம் லாக் எழுதக்கூட இடமிருக்காது. /வருக்கும் கோட்டா போடுங்கள்.

பூட்டுசாவி: அது நியாயம். போட்டுத்தான் ஆக வேண்டும்.

முனையம்: இன்னொன்றும் கவனியுங்கள். பிஎச்பியை அணைக்கும் பிளாக் /ஹோம்/*/பப்ளிக்_எச்டிஎம்எல் என்ற பாதைக்கு மட்டுமே. நீங்கள் /வருக்கு மாறிய நிமிடமே அது பொருந்தாது. எல்லாருக்கும் பிஎச்பி ஓடத் தொடங்கும். புதுப் பாதைக்கு 'பிஎச்பி_அட்மின்_ஃப்ளாக் எஞ்சின் ஆஃப்' எழுதிவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் அடியுங்கள்.