கப்பல் வைஃபை: காசு கட்டியும் நகரவில்லை, காலையில் மறுபடி வாங்கச் சொல்கிறது. உதவி தேவை

திருச்சி_செந்தில்:
வணக்கம். சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு இருக்கிறேன். இதை எழுதுவதே கப்பல் வைஃபையில்தான். பதில் போடத் தாமதமானால் கோபிக்க வேண்டாம்.

ஏறியதும் ஒரு டிவைஸுக்கான இணையப் பேக் வாங்கினேன். நாளுக்கு 20 டாலருக்கு மேல். அந்தக் காசில் நம் ஊரில் மாதக்கணக்கில் ஃபைபர் ஓட்டலாம். சரி, நடுக்கடலில் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டேன். பகலில் போனில் பயன்படுத்துவேன், இரவில் லேப்டாப்பில் கொஞ்சம் ஆபீஸ் வேலை. காலையில் போனை எடுத்தால் மறுபடி பேக் வாங்கும் பக்கம் வந்து நிற்கிறது. அவசரத்துக்கு இன்னொன்றும் வாங்கியாயிற்று.

அறையில் வைஃபை கோடு முழுசாகத்தான் காட்டுகிறது. ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது, கால் போட்டால் மட்டும் சேரவே மாட்டேன் என்கிறது. லேப்டாப்பில் ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் பூட்டிய தனி வழி) போட்டால் இருக்கிற கொஞ்ச வேகமும் போய்விடுகிறது. வியாழக்கிழமை ஒரு மீட்டிங்கில் நான் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. அப்பாவின் போனில் வைஃபை இல்லாமலேயே சிக்னல் வந்தது, அவரும் ஊரில் இருக்கும் அக்காவோடு கொஞ்ச நேரம் பேசினார். அதற்குத் தனியாகக் காசு பிடிப்பார்களா? என்னுடையது ஐபோன், அப்பாவுடையது ஆண்ட்ராய்டு.

பீச்_ஸ்டேஷன்:
கடலுக்குப் போயும் ஆபீஸ் மீட்டிங்கா? லீவு போடுங்க சார்.

ரோமிங்_ராணி:
செந்தில் சார், மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அப்பாவின் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், உடனே.

கப்பலுக்குள்ளேயே சின்னதாக ஒரு செல்போன் டவர் வைத்திருப்பார்கள். கரை சிக்னல் போனதும் அது உயிர் பெறும். போனில் 'செல்லுலார் அட் சீ' என்றோ 901-ல் தொடங்கும் எண்ணாகவோ தெரியும். 901 எந்த நாட்டுக்கும் உரிய குறியீடு இல்லை, சர்வதேச நெட்வொர்க்குகளுக்குப் பொதுவாக ஒதுக்கியது. அந்த டவரில் பேசும் பேச்சு செயற்கைக்கோள் வழியாகப் போகிறது, கட்டணம் நிமிடத்துக்குச் சில டாலர் என்ற அளவில் இருக்கும். வருகிற அழைப்பை எடுத்தாலும் காசுதான். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்துக்கென்று நீங்கள் போட்டு வந்த ரோமிங் பேக்கில் இது பெரும்பாலும் அடங்காது. கப்பலுக்கென்று தனி பேக் இருக்கும், அதைக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

ஏரோபிளேன் மோடு போட்ட பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளலாம். எல்லோருடைய போனிலும் செய்யுங்கள், பையன் கையில் இருக்கும் பழைய போன் உட்பட.

என்ஜின்_ரூம்_பக்கத்து_அறை:
பயணிகள் கப்பலில் ஐடி பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் கப்பல் இல்லை, ஆனால் கதை எல்லாக் கப்பலிலும் ஒன்றுதான்.

மறுபடி வாங்கச் சொல்வதற்குக் காரணம் உங்கள் லேப்டாப். ஒரு டிவைஸ் பேக் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் உள்ளே இருக்கலாம். இரவு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள், ஆனால் கப்பல் சர்வரில் அந்த லாகின் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. காலையில் போன் வந்து கதவைத் தட்டினால், 'இது இரண்டாவது டிவைஸ், வாங்கு' என்கிறது. வாங்கும் பொத்தானைத் தொடாதீர்கள். லேப்டாப்பில் லாகின் பக்கத்துக்குப் போய் லாக் அவுட் கொடுத்துவிட்டு, போனில் அறை எண்ணோடு அதே கணக்கில் உள்ளே வாருங்கள். லாக் அவுட் பக்கமே வரவில்லையா? விபிஎன்னை அணைத்துவிட்டுப் பாருங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் திறக்காது. ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற செட்டிங் ஆனில் இருந்தாலும் அதே சிக்கல் வரும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் ஐபோனில் கப்பல் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தொட்டு, 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ரொட்டேட்டிங் என்று இருந்தால் ஃபிக்ஸ்டு ஆக்குங்கள். போன் தன் முகவரியை மாற்றிக்கொண்டால் எங்கள் சர்வர் அதைப் புது ஆளாகத்தான் நினைக்கும்.

வாட்ஸ்அப் கால் சேராதது பழுது இல்லை. விலை குறைந்த பேக்குகளில் செய்தி மட்டும் விட்டு, குரல், வீடியோ அழைப்பை வேண்டுமென்றே அடைத்திருப்பார்கள். நீங்கள் வாங்கிய பேக்கின் விவரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

முழுக் கோடு விஷயத்துக்கு வருவோம். அந்தக் கோடு உங்கள் போனுக்கும் நடைபாதைக் கூரையில் இருக்கும் வைஃபை பெட்டிக்கும் இடையில் உள்ள உறவைத்தான் காட்டுகிறது. கப்பலுக்கும் வானத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு பிங் சோதனை (ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம்) போட்டு எத்தனை மில்லி விநாடி வருகிறது என்று சொல்லுங்கள். அந்த ஒரு எண் போதும், உங்கள் கப்பல் எந்தச் செயற்கைக்கோளோடு பேசுகிறது என்று சொல்லிவிடலாம்.

திருச்சி_செந்தில்:
லேப்டாப்பில் லாக் அவுட் கொடுத்ததும் போன் உடனே உள்ளே வந்துவிட்டது! மிக்க நன்றி. அப்பா போன் ஏரோபிளேன் மோடில். பிங் இப்போது 690. நேற்று மாலை ஸ்பீட் டெஸ்ட் போட்டபோது 70 சொச்சம் காட்டியதாக ஞாபகம். ஒரே கப்பல், ஒரே பேக், எப்படி இவ்வளவு வித்தியாசம்?

என்ஜின்_ரூம்_பக்கத்து_அறை:
அப்படியென்றால் உங்கள் கப்பலில் இரண்டு வகை இணைப்பு இருக்கிறது, மாறி மாறி ஓடுகிறது.

690 வருவது பழைய வகை, புவிநிலைச் செயற்கைக்கோள். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீங்கள் ஒரு பக்கம் கேட்டால் கேள்வி மேலே போய், கீழே தரை நிலையத்துக்கு இறங்கி, பதில் மறுபடி மேலே போய், கப்பலுக்கு இறங்க வேண்டும். மொத்தம் 1,43,000 கிலோமீட்டர். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்போதும் பயணத்துக்கே கிட்டத்தட்ட அரை விநாடி. நடுவில் உள்ள கருவிகளின் நேரத்தையும் சேர்த்தால் 600-ஐத் தாண்டிவிடும். இதை எந்த நிறுவனமும் காசு போட்டுக் குறைக்க முடியாது. ஒரு இணையப் பக்கம் திறப்பது ஒரே கேள்வி பதில் இல்லை. முகவரி கேட்க ஒரு தடவை, கை குலுக்க ஒரு தடவை, பூட்டு சாவி பேச ஒரு தடவை, அப்புறம்தான் எழுத்தும் படமும். ஒவ்வொன்றுக்கும் இந்த அரை விநாடிக்கு மேல் தண்டம். அதனால்தான் ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோட் வேகம் நன்றாக இருந்தாலும் கையில் பிடிக்கும்போது மந்தமாக இருக்கிறது.

70 வருவது தாழ்வான சுற்றுப்பாதை, ஸ்டார்லிங்க் மாதிரி. சுமார் 500 கிலோமீட்டர் உயரம்தான். இரண்டுக்கும் நடுவில் 8,000 கிலோமீட்டர் உயரத்தில் எஸ்இஎஸ் நிறுவனத்தின் ஓ3பி செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அதில் 150-ஐ ஒட்டி வரும்.

ஏன் மாறுகிறது? சில நாடுகளின் கடல் எல்லைக்குள் அனுமதி இல்லாவிட்டால் ஒரு வகையை அணைத்துத்தான் ஆக வேண்டும். கப்பல் திரும்பும்போது புகைபோக்கியோ கம்பமோ ஆன்டெனாவின் பார்வையை மறைக்கலாம். உங்கள் பக்கம் மழை வேறு கொட்டும். இந்த அலைவரிசைகளை மழைத்துளி நன்றாக உறிஞ்சிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் இணையத்துக்கு வந்தால் சுமையைப் பிரித்துக் கொஞ்சம் பேரைப் பழைய இணைப்புக்குத் தள்ளுவதும் உண்டு.

விபிஎன் படுத்துவிடுவதற்கும் இதுதான் காரணம். தாமதத்தை மறைக்க கப்பலில் ஒரு கருவி வைத்திருப்போம். உங்கள் லேப்டாப் அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் 'வந்து சேர்ந்தது' என்று மறுமுனை சொல்லும்வரை காத்திருக்காமல், அந்தக் கருவியே முந்திக்கொண்டு சொல்லிவிடும். லேப்டாப்பும் நம்பி அடுத்ததை அனுப்பும். விபிஎன் போட்டால் எல்லாம் பூட்டிய உறைக்குள் போய்விடுவதால் அந்தக் கருவிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது, முந்திச் சொல்லவும் முடியாது. அதோடு சில பேக்குகளில் விபிஎன்னையே தடுத்திருப்பார்கள்.

கோவை_கீதா:
ஒரு சின்ன டிராவல் ரவுட்டர் கொண்டுபோய் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளலாமே?

என்ஜின்_ரூம்_பக்கத்து_அறை:
வேண்டாம் அக்கா. பல கப்பல் நிறுவனங்களின் தடைப் பட்டியலில் ரவுட்டர் இருக்கிறது. ஏறும்போது பை ஸ்கேனில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள் தருவார்கள். குடும்பத்தில் நாலு பேர் என்றால் பல டிவைஸ் பேக்கை ஏறும் முன்பே ஆன்லைனில் வாங்குவதுதான் மலிவு. கப்பலுக்குள் விலை கூடிவிடும்.

மாலுமி_மகன்:
விலை பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். முன்பெல்லாம் கப்பலில் நிமிடக் கணக்கு. நிமிடத்துக்கு 75 சென்ட் வரை போகும். லாக் அவுட் செய்யாமல் சாப்பிடப் போனால் சாப்பாட்டை விட அது அதிகமாக வரும். அப்போது செயற்கைக்கோள் இணைப்பே விலை அதிகம் என்று ஒத்துக்கொள்ளலாம். 2022 ஜூலையில் ஸ்டார்லிங்க் கடல் சேவை வந்தபோது மாதம் 5,000 டாலர், கருவிக்கு 10,000 டாலர் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே ராயல் கரீபியன் தன் கப்பல்களில் எல்லாம் பொருத்தப்போவதாகச் சொன்னது. ஆயிரக்கணக்கான பேர் ஏறும் கப்பலில் நாளுக்கு 20 டாலர் வீதம் கொஞ்சம் பேர் வாங்கினால் கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேகம் கூடியது, விலை இறங்கவில்லை. டிக்கெட்டை மலிவாகக் காட்டிவிட்டு மது, சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா, வைஃபை என்று உள்ளே வசூலிப்பதுதான் இந்தத் தொழில். நடுக்கடலில் பக்கத்துக் கடைக்கா போக முடியும்?

என்ஜின்_ரூம்_பக்கத்து_அறை:
பாதி சரி அண்ணா. பெரிய கப்பலுக்கு ஒரு ஜோடி ஆன்டெனா பத்தாது, பழைய இணைப்புக்கும் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இரும்புச் சுவர் என்பதால் நாலைந்து அறைக்கு ஒரு வைஃபை பெட்டி வைக்க வேண்டும். ஆனால் செயற்கைக்கோள் செலவைப் பார்த்து பேக் விலை வைப்பதில்லை என்பது உண்மை. எங்களைப் போன்ற ஊழியர்களும் பல கப்பல்களில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் அமலில் இருக்கிறது. முடிந்த அளவு ஊழியருக்கு இணையம் தர வேண்டும், கட்டணம் வைத்தால் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. நியாயம் எவ்வளவு என்பதில்தான் சண்டை.

செந்தில் சார், மீட்டிங் விஷயம். வியாழன் கப்பல் எங்கே இருக்கும்?

திருச்சி_செந்தில்:
பினாங்கு. காலை 8 மணிக்குச் சேருகிறது. மீட்டிங் மலேசிய நேரப்படி மதியம் 1 மணி.

பினாங்கு_பாண்டி:
அப்படியென்றால் கவலையே இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில்தான் கட்டுவார்கள், வெளியே வந்தால் ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். மலேசிய இ-சிம் (கார்டு இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) ஒன்றை இன்றைக்கே கப்பல் வைஃபையில் வாங்கி ஏற்றி வையுங்கள், துறையில் வந்ததும் உயிர் பெறும். பக்கத்தில் ஏதாவது கஃபேயில் உட்கார்ந்து போன் ஹாட்ஸ்பாட்டில் பேசுங்கள். புக்கெட்டில்தான் சிரமம். பல பெரிய கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, படகில்தான் ஆளை இறக்கும்.

என்ஜின்_ரூம்_பக்கத்து_அறை:
அதுதான் சரி. கப்பலிலேயே பேச வேண்டிய நாள் வந்தால், எல்லோரும் ஊர் சுற்ற இறங்கிய நேரம் பாருங்கள், அல்லது விடியற்காலை. கடலிலேயே கழியும் நாளில் இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் போட்டோ ஏற்றும் நேரம் மட்டும் வேண்டவே வேண்டாம். பால்கனியை விட அறைக் கதவுப் பக்கம் வைஃபை நன்றாக இருக்கும்.

போனில் போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், வாட்ஸ்அப் படம் தானாக இறங்குவது மூன்றையும் நிறுத்துங்கள். நம் ஆட்களின் குடும்பக் குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்களே பாதி வேகத்தைத் தின்றுவிடும். ஐபோனில் அந்த வைஃபைக்கு மட்டும் 'லோ டேட்டா மோட்' போடலாம்.

நெல்லை_நர்மதா:
இடையில் ஒரு கேள்வி. ஏரோபிளேன் மோடில் இருந்தால் பேங்க் ஓடிபி எப்படி வரும்?

ரோமிங்_ராணி:
எஸ்எம்எஸ்ஸில் பெரும்பாலும் வராது. கப்பலுக்குள் எல்லாம் அறை அட்டைக் கணக்கில் போய்விடுவதால் அங்கே ஓடிபி தேவையில்லை. இ-சிம் மாதிரி வெளியே ஏதாவது வாங்குவதாக இருந்தால், துறையில் நிற்கும்போது ஊர் சிம்மைக் கரை நெட்வொர்க்கில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்புவதற்குள் மறுபடி ஏரோபிளேன் மோடு. உங்கள் பேங்க் ஓடிபியை மின்னஞ்சலுக்கும் அனுப்பும் என்றால் அதை ஊரிலேயே ஆன் செய்து வாருங்கள்.

திருச்சி_செந்தில்:
ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்து மீட்டிங் முடிந்தது, விபிஎன்னோடு, ஒரு தடங்கலும் இல்லை. இ-சிம்முக்கு ஆன செலவு கப்பல் பேக்கின் ஒரு நாள் காசைவிடக் குறைவு. பாண்டி அண்ணனுக்கு நன்றி. அப்பா பேசிய கணக்கு வந்துவிட்டது, அந்தக் காசுக்கு அக்காவே நேரில் வந்து பேசிவிட்டுப் போயிருக்கலாம் என்கிறார் அம்மா. இரண்டாவது தடவை வாங்கிய பேக்கின் காசு திரும்பக் கிடைக்குமா?

என்ஜின்_ரூம்_பக்கத்து_அறை:
கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ரிசப்ஷனில் போய், ஒரே அறைக்கு இரண்டு பேக் ஏறியிருக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தவில்லை என்று சொல்லுங்கள். எந்த டிவைஸ் எப்போது உள்ளே இருந்தது என்று அவர்கள் கணினியிலேயே தெரியும். இறங்கும் நாள் காலையில் போகாதீர்கள், பில் தகராறு உள்ள அத்தனை பேரும் அங்கேதான் நிற்பார்கள். இன்று இரவே போய்விடுங்கள்.