பொருள்: கால்சினேஷனுக்குப் ‘புடமிடல்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

டைட்டேனியம் டைஆக்சைடு நானோ துகள்களால் சாயக்கழிவுநீரைத் தூய்மையாக்கும் கட்டுரைக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். ஒளிபட்டால் வினையைத் தூண்டும் பொருளைக் குறிக்கும் ‘ஒளிவினையூக்கி’ ஏற்கெனவே புழக்கத்தில் வேரூன்றிய சொல். அதைத் தொட வேண்டியதில்லை. இழுபறியில் இருப்பது, பொருளை உருக்காமல் உயர்வெப்பத்தில் சுட்டு மாற்றும் கால்சினேஷன் ஒன்றே.

முதலில் செயலைப் பார்ப்போம். டைட்டேனியம் ஐசோபுரொப்பாக்சைடை ஆல்ககாலில் கரைத்து, அமிலம் சேர்த்த நீரைத் துளித்துளியாக விட்டால், கரைசல் மெல்லத் திரண்டு களியாகிறது. அதை உலர்த்தி அரைத்துப் பெறும் வெள்ளைத் தூள் பார்வைக்கு முடிந்த சரக்காகத் தோன்றினாலும், அதில் அணுக்கள் பெரும்பாலும் ஒழுங்கின்றியே கிடக்கின்றன. காற்றுள்ள மின்னுலையில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்த பிறகே எஞ்சிய கரிமப்பொருள் எரிந்து வெளியேறி, அனட்டேசு என்னும் படிகவடிவம் தெளிவாக அமைகிறது. இந்தச் சுடுதலே கால்சினேஷன். வெப்பம் மிஞ்சினால் துகள்கள் ஒட்டிப் பருத்துப் புறப்பரப்பை இழக்கின்றன. இன்னும் ஏறினால் அனட்டேசு, ரூட்டைல் என்னும் வேறொரு படிகவடிவமாகிவிடுகிறது. ஒளியை உறிஞ்சும்போது எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி ரூட்டைலுக்கு 3.0 எலக்ட்ரான் வோல்ட், அனட்டேசுக்கு 3.2. இடைவெளி குறைவாதலால் ரூட்டைல் சற்று அதிக ஒளியை உறிஞ்சினாலும், சாயத்தைச் சிதைப்பதில் பொதுவாக முந்துவது அனட்டேசே.

கால்சினேஷனுக்கு ஈடாகப் பள்ளிப் பாடத்தில் படித்த ‘காற்றில்லா வறுத்தல்’ இங்கே அடிப்படையிலேயே முரண்படுகிறது. கரிமம் எரியக் காற்று வேண்டும். ‘சுண்ணமாக்கல்’ என்பது சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீன் வேரைப் பின்பற்றியது. இந்த உலையில் சுண்ணாம்பே இல்லை. ‘நீற்றல்’ நல்ல பழஞ்சொல்தான். ஆனால் சுட்ட சுண்ணாம்பில் நீரூற்றுவதையும் நீற்றல் என்றே சொல்வதால், படிப்பவர் தூளில் தண்ணீர் தெளித்ததாக எண்ணக்கூடும்.

எனவே ‘புடமிடல்’ என்பதை முன்மொழிகிறேன். சித்த மருத்துவர்கள் பற்பம் என்னும் சுட்ட பொடிமருந்து செய்யும்போது சரக்கை அகலில் வைத்து மூடி, மண் பூசிய துணியால் இடுக்கை அடைத்து (சீலைமண் செய்து), எரு அடுக்கிப் புடம் போடுகிறார்கள். காடைப்புடம், கோழிப்புடம், கசபுடம் என்று எருவின் அளவால் வெப்பத்துக்கே தரம் வகுத்திருக்கிறார்கள். உருக்காமல், அளவறிந்து சுட்டு, பொருளின் இயல்பை மாற்றுவது என்னும் கருத்து இதில் முழுமையாக இருக்கிறது. புடம் மூடிய கலத்தில் நடப்பதாயிற்றே என்ற மறுப்பு எழலாம். அது நியாயமானதே. ஆயினும் காற்றின் நிலையைப் பெயரிலேயே அடைக்காமல், ‘காற்றில் புடமிடல்’, ‘நைட்ரசனில் புடமிடல்’ என அடைகொடுத்து எழுதுவது ஆய்வுக்கட்டுரைகளுக்கு வசதி. புடவெப்பநிலை, புடமிட்ட தூள் என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன.

கட்டுரைத் தலைப்பைப் பற்றியும் ஒன்று. ஒளிபட்ட துகள் உண்டாக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு (radical) சாய மூலக்கூற்றை உடைக்கும். நீரில் கரைந்த உப்பை அகற்றாது. திருப்பூர்ச் சாயநீரில் நிறத்தோடு உப்பும் பெருஞ்சிக்கல் என்பதால், ‘நீர் தூய்மையாக்கல்’ என்பதைவிடச் ‘சாயச் சிதைப்பு’ என்பதே சரியான தலைப்பாகும்.