சிவியில் 61 கட்டுரை, தரவுத்தளத்தில் 94. எதை வைப்பது, எதை நீக்குவது?

பட்டியல்காரி:
வணக்கம். ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். எங்கள் பேராசிரியரின் கட்டுரைகளையும் கிராண்டுகளையும் (ஆய்வுக்குக் கிடைத்த நிதி) பல்கலைக்கழக ஆய்வுத் தரவுத்தளத்தில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அவர் கொடுத்த சிவியில் 61 கட்டுரைகள். கட்டுரை விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஸ்கோபஸிலும் கிராஸ்ரெஃபிலும் பெயரைக் கொடுத்துத் தேடி இறக்கினேன். 94 வந்து நிற்கிறது. அவரிடம் காட்டினால், "பரவாயில்லையே, நான் இவ்வளவு எழுதியிருக்கிறேனா?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலங்களின் அதிர்வு பற்றி எழுதுகிறவர் தைராய்டு அறுவை சிகிச்சை பற்றி எப்போது எழுதினார்?

அது போகட்டும், வேறு ஆள் என்று தெரிகிறது. குழப்பம் மற்றவற்றில்தான். ஒரே தலைப்பு ப்ரீபிரிண்டாக (ஆய்விதழில் வருமுன் இணையத்தில் போடும் வடிவம்) ஒரு முறை, மாநாட்டுக் கட்டுரையாக ஒரு முறை, ஆய்விதழில் ஒரு முறை வருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடலாமா? இன்னொரு கட்டுரை 2021 டிசம்பரில் ஆன்லைனில் வந்து, 2022 மார்ச் இதழில் அச்சானது. எந்த ஆண்டு போடுவது?

அப்புறம் கிராண்ட். சார் இணை ஆய்வாளராக இருக்கும் திட்டம் ஒன்று. முழுத் தொகையையும் போடச் சொல்கிறார். எனக்கு உறுத்துகிறது.

நூலகத்து ஆள்:
எதையும் அழிக்காதீர்கள், முதலில் டிஓஐ, அதாவது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்ணைப் பாருங்கள். ப்ரீபிரிண்ட் போடும் ஆர்கைவ் (arXiv) தளம் 2022 முதல் கட்டுரைகளுக்கு டிஓஐ தருகிறது, 10.48550 என்று தொடங்கும். அதையும் ஆய்விதழ்ப் பதிவையும் ஒரே கட்டுரையின் இரு வடிவங்களாக இணைத்துவிடுங்கள். எண்ணிக்கையில் ஒன்றுதான். மாநாட்டுக் கட்டுரை அப்படியல்ல. விரித்து எழுதி ஆய்விதழுக்கு அனுப்பியிருப்பார்கள். அது தனி வெளியீடு, தலைப்பு ஒன்றாக இருந்தாலும் இருக்கட்டும்.

ஆண்டுக்கு: இரண்டு தேதிக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தால் இரண்டையும் நிரப்புங்கள். ஆண்டறிக்கை எதை எடுக்கிறது என்று ஆய்வு அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள். இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் வேறொன்று என்று மாற்றினால் ஒரே கட்டுரை இரண்டு அறிக்கையிலும் வந்துவிடும்.

இன்னொரு சின்னத் தொல்லை. பிடிஎஃப்பிலிருந்து டிஓஐயை நகலெடுக்கும்போது கடைசியில் இருக்கும் முற்றுப்புள்ளியும் ஒட்டிக்கொண்டு வரும். "கிடைக்கவில்லை" என்று சொன்னால் கையால் தட்டச்சு செய்ய உட்காராதீர்கள், அந்தப் புள்ளியை எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் உறுத்தல் நியாயமானது. திட்டம் ஒன்று என்றால் பதிவும் ஒன்று. அதில் முதன்மை ஆய்வாளரும் இணை ஆய்வாளரும் அவரவர் பொறுப்போடு சேர வேண்டும். மொத்தத் தொகை ஒரு கட்டத்தில், உங்கள் நிறுவனத்துக்கு வந்த பங்கு வேறு கட்டத்தில். சார் சொன்னபடி போட்டு, முதன்மை ஆய்வாளரும் தனியாக ஒன்று போட்டால், ஒரே பணம் துறைக் கணக்கில் இரண்டு முறை ஏறும். வருடா வருடம் நான் துடைக்கும் அழுக்கு இது.

கால நீட்டிப்பு கிடைத்திருந்தால் முடிவுத் தேதியை மட்டும் மாற்றுங்கள். கூடுதல் பணம் இல்லாத நீட்டிப்பைப் புது கிராண்டாகப் பதிந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனதை விண்ணப்பங்கள் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.

கிராண்ட் எண்ணை அனுமதிக் கடிதத்தில் உள்ளபடியே, சாய்கோடு, சிறுகோடு உட்பட, அப்படியே போடுங்கள். கட்டுரையின் நன்றியுரையில் அந்த எண்தான் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் இந்தப் பணத்தில் இந்தக் கட்டுரை வந்தது என்று காட்ட முடியும். 2019 முதல் கிராஸ்ரெஃபில் கிராண்டுக்கே டிஓஐ பதிவு செய்ய வழி வந்துவிட்டது. உங்கள் நிதியளிப்பாளர் அதைக் கொடுத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

பட்டியல்காரி:
இருவருக்கும் நன்றி. சாரின் ஆர்கிட் எண்ணை (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டு வடிகட்டலாம் என்று பார்த்தால் அமைப்பு ஏற்கவே மாட்டேன் என்கிறது. கடைசியில் எக்ஸ் என்று ஓர் எழுத்து இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து நான்தான் எடுத்துவிட்டேன்!

நூலகத்து ஆள்:
அது பிழை இல்லை. 16 இடங்களில் கடைசியில் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள 15ஐ வைத்துக் கணக்கிடுவது. விடை 10 வந்தால் ஒரே இடத்தில் இரண்டு இலக்கம் எழுத முடியாதே, அதனால் எக்ஸ். ஆய்விதழ்களுக்குத் தரும் ஐஎஸ்எஸ்என் எண்ணிலும் இதே கதைதான்.

பட்டியல்காரி:
சரி, முடித்துவிட்டேன். தைராய்டுக்காரருடையவை 17, இணைத்தவை 20, மீதி 57. எங்கும் சிக்காத நூல் அத்தியாயங்கள் 2, கையால் ஏற்றினேன். ஆக 59. சிவியில் 61 ஆயிற்றே என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். சிவியிலேயே இரண்டு கட்டுரைகள் இரண்டிரண்டு முறை இருக்கின்றன. திங்கட்கிழமை அவரிடம் சொல்ல வேண்டும்.