புதுப்பிப்பு: டெம்ஸ்டர் சரளைச் சாலைப் பயணத் திட்டம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நாங்கள் ஐவர் கனடாவின் டெம்ஸ்டர் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் செல்லத் திட்டமிடுவதைக் கூறி, கூடுதல் பெட்ரோல் தேவைப்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தேவைதான். சாலையின் தொடக்கத்திலிருந்து ஈகிள் பிளெயின்ஸ் வரையிலான 369 கிலோமீட்டருக்கு எண்ணெய் நிலையமே இல்லாததால், ஆளுக்கொரு ஐந்து லிட்டர் கலனைக் கட்டிச் செல்ல முடிவு செய்துள்ளோம். புழுதியை அடக்கத் தெளிக்கப்படும் கால்சியம் குளோரைடு மழையில் சாலையை வழுக்கச் செய்யும் என்பதே எனக்குப் பெருங்கவலை; அதற்காகவே மழை நாள்களில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் பழகிவருகிறோம் (இருவர் விழுந்து எழுந்தாயிற்று). சாலை குறுக்கிடும் பீல், மெக்கன்சி ஆறுகளில் பனிக்கட்டி உடைந்த பின்னரே வாகனங்களை அக்கரை சேர்க்கும் படகுகள் ஓடும் என்பதால், ஜூன் தொடக்கத்தைக் கைவிட்டு ஜூலைக்கு மாறியுள்ளோம். டெம்ஸ்டர் முடியும் இனுவிக் நகரிலேயே திரும்புவதா, 2017-இல் திறக்கப்பட்ட சாலையில் ஆர்க்டிக் கடலோர ஊரான துக்தோயாக்துக் வரை செல்வதா என்பதில் மட்டும் இன்னும் இழுபறி நீடிக்கிறது.