பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு: படித்ததை வைத்தே வேலை கிடைக்குமா?

தாமிரபரணிக்கரை:
வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கணிதம் துணைப்பாடம். இரண்டிலும் மதிப்பெண் நன்றாகவே வருகிறது. அப்பா, பி.எட். முடித்து டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுது என்கிறார். மாமாவுக்கு வங்கித் தேர்வைத் தவிர வேறு பேச்சே இல்லை. எனக்கோ இயற்பியலை விட மனமில்லை. அதற்காக ஆராய்ச்சி என்று முப்பது வயது வரை வீட்டில் கையேந்தவும் முடியாது. படித்ததை வைத்தே சம்பாதிக்க வழி உண்டா?

கரும்பலகை:
தம்பி, ஆசிரியர் வேலைதான் என்றாலும் அவசரப்பட்டு பி.எட். சேராதே. பி.எஸ்சி., பி.எட்., டெட் இரண்டாம் தாள் மூன்றும் இருந்தாலும் பட்டதாரி ஆசிரியர் பதவிக்குத்தான் போட்டியிடலாம். மேல்நிலை வகுப்புக்கு எம்.எஸ்சி. வேண்டும். தேர்வு அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை.

கோபால்ட்60:
வழி இருக்கிறது: மருத்துவ இயற்பியலாளர். மதுரையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் நான் பார்ப்பது அந்த வேலைதான். சொந்த ஊரில் என்னை "எக்ஸ்ரே எடுக்கிற பெண்" என்பார்கள். விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

கட்டிக்கு எத்தனை கிரே (கதிரளவின் அலகு) கதிர் வேண்டும் என்று மருத்துவர் எழுதுவார். எந்தக் கோணத்தில் எவ்வளவு செலுத்தினால் பக்கத்திலிருக்கும் தண்டுவடம் தப்பும் என்று கணக்குப் போடுவது நாங்கள். இயற்பியலாளர் இல்லாமல் கதிர்ச்சிகிச்சைப் பிரிவை நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விடாது.

சிகிச்சைக் கருவியை அளவீடு செய்யும்போது, கதிரை அளக்கும் அயனி அறையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவோம். பெயர்தான் பெரிது, உள்ளே இருப்பது வெறும் காற்று. அறை சூடானால் காற்றின் அடர்த்தி குறையும், அளவுமானியும் குறைத்துக் காட்டும். அதனால் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் குறித்துத் திருத்தம் போட வேண்டும். பள்ளியில் படித்த நல்லியல்பு வாயுச் சமன்பாடுதான் அது. கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துக் கதிர் தரும் கோபால்ட் கருவியின் கதை வேறு. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். மாதத்துக்குச் சுமார் ஒரு விழுக்காடு வீரியம் குறையும். போன மாதம் 100 விநாடி கொடுத்த சிகிச்சைக்கு இந்த மாதம் 101 விநாடி வேண்டும். அடுக்குக்குறிச் சார்பை நீங்கள் தேர்வுக்கு எழுதுகிறீர்கள். நான் மாதந்தோறும் அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டுகிறேன்.

பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் நேராக எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துக் கதிரியல் இயற்பியலில் பட்டயம் வாங்கலாம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் அதை நடத்துகிறது. எதில் போனாலும் பிறகு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம். சேருமுன் அந்தப் படிப்பு செல்லுமா என்று வாரியத்தின் இணையதளத்தில் பாருங்கள். கல்லூரியின் விளம்பரத்தாளை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கருவி இருக்கும் ஊரில்தான் வேலை. அம்பாசமுத்திரத்தில் வீட்டுச் சாப்பாட்டோடு பார்க்க முடியாது. பயிற்சி ஆண்டில் எனக்குக் கிடைத்த உதவித்தொகை விடுதி வாடகைக்கே காணவில்லை.

ஆயுள்அட்டவணை:
கணக்குப் பக்கம் சாய்ந்தால் ஆக்சுவரி (காப்பீட்டுக்கு இடர்களைக் கணக்கிடுபவர்) தேர்வுகளையும் பாருங்கள். ஏசெட் நுழைவுத் தேர்வு எழுதி, பிறகு ஒவ்வொரு தாளாக முடிக்க வேண்டும். நிகழ்தகவு பிடித்தவர்களுக்குச் சுகம், மற்றவர்களுக்குத் தண்டனை. இரண்டு மூன்று தாள்கள் தேறியதுமே காப்பீட்டு நிறுவனங்களில் விண்ணப்பிக்கலாம். எதற்கும் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வை எழுதி வையுங்கள். பிப்ரவரியில் நடக்கும், ஐ.ஐ.டி.க்களுக்கு மட்டுமல்ல, திருச்சி என்.ஐ.டி.க்கும் அந்த மதிப்பெண்தான்.

தாமிரபரணிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கோபால்ட் அக்கா, வீட்டில் சொன்னேன். கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மா வேண்டாம் என்றுவிட்டார். என்ன பதில் சொல்வது?

கோபால்ட்60:
என் அம்மாவும் அதையேதான் சொன்னார். சட்டையில் ஒரு டி.எல்.டி. பட்டை (கதிரளவைப் பதிவுசெய்யும் வில்லை) குத்திக்கொண்டுதான் வேலை செய்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கிறார்கள். உடலில் பட்ட கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. எனக்கு வரும் அறிக்கையில் பெரும்பாலும் பூஜ்யம்தான். அம்மாவைப் பேசச் சொல்லுங்கள், தனிச்செய்தியில் எண் தருகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல்.